ஜாமீன் உத்தரவு வந்தும் சிறைக்கதவு திறக்காதது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாமீன் கிடைத்துவிட்டது என்ற செய்திக்கும், கைதி வீடு வந்து சேர்வதற்கும் நடுவே சில மணி நேரமும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். அந்த இடைவெளியைப் பற்றி மட்டுமே இந்தப் பக்கம் பேசுகிறது. ஜாமீன் கொடுக்கலாமா கூடாதா என்ற வாதம் முடிந்து, கொடுக்கலாம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு, ஒருவரை உள்ளே வைத்திருப்பது பெரும்பாலும் பிணையாளர் (அவருக்காக ஜாமீன் நிற்பவர்) கிடைக்காத வறுமைதான் என்பது இதை எழுதுபவரின் கருத்து. சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் கீழே காணலாம்.

நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்டார் என்று வக்கீல் சொல்கிறார். பிறகும் என் தம்பியை ஏன் விடவில்லை?

சென்னை உயர் நீதிமன்றத்தின் சாதாரண ஜாமீன் உத்தரவு ஒன்றை எடுத்துப் படித்தால் விளங்கும். மனுதாரர் ரூ.10,000-க்குச் சொந்தப் பிணைமுறி (வராமல் போனால் அந்தத் தொகையைக் கட்டுவேன் என்ற உறுதிப்பத்திரம்) எழுதிக் கொடுத்து, அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும் கொடுத்தால், சம்பந்தப்பட்ட குற்றவியல் நடுவர் திருப்தியடையும் பட்சத்தில் அவரை விடுவிக்கலாம் என்று அதில் இருக்கும். பிணையாளர்கள் தங்கள் புகைப்படத்தை ஒட்டி, இடது பெருவிரல் ரேகையைப் பதிக்க வேண்டும், ஆதார் அட்டை அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலை நடுவர் பெற்றுக்கொள்ளலாம் என்ற வாசகங்களும் உத்தரவுக்கு உத்தரவு எழுத்துப் பிசகாமல் திரும்ப வரும். ஆக, உங்கள் தம்பிக்குக் கிடைத்திருப்பது நிபந்தனையோடு கூடிய அனுமதி. பிணையாளர்கள் நடுவர் முன் ஆஜராகி, அவர் ஏற்றுக்கொண்டு, விடுதலை ஆணை சிறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அவர் வெளியே வர முடியும். இதில் "திருப்தி" என்ற ஒரே சொல்லில்தான் பாதிச் சிக்கல் அடங்கியிருக்கிறது.

ஜாமீன் நிற்பவர் எதற்குப் பொறுப்பாகிறார்? கேட்டாலே உறவினர்கள் பயப்படுகிறார்களே?

குற்றம் சாட்டப்பட்டவர் வாய்தா தவறாமல் நீதிமன்றத்துக்கு வருவார் என்பதற்கு மட்டுமே அவர் பொறுப்பு. குற்றம் நிரூபணமானால் அந்தத் தண்டனை அவர்மீது பாயாது. குற்றவாளியாகத் தீர்ப்பானால் அபராதத்தையும் அவர் கட்ட வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தலைமறைவானால் மட்டும், பிணைமுறியில் எழுதிய தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (கீழே வரும் பிரிவு எண்களும் பெரும்பாலும் இதனுடையவையே) 491-ஆம் பிரிவின்படி அவருக்கு அறிவிப்பு வரும். காரணம் காட்டினால் நீதிமன்றம் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாம். கட்டவும் முடியாமல், வசூலிக்கவும் வழியில்லாமல் போனால் 6 மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்க முடியும் என்ற விதியும் இருப்பதால், பயம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை. இனி நிற்க விருப்பமில்லை என்றால் 489-ஆம் பிரிவின்படி மனுச் செய்து விலகிக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு.

நீதிமன்றத்தில் நடைமுறையில் என்னதான் கேட்கிறார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு தாய் நிற்கிறார். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரையும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் ஒரு நாள் கூலியை இழக்கச் சொல்லி அழைத்து வந்திருக்கிறார். கையில் குடும்ப அட்டை, ஆதார், வீட்டு வரி ரசீது. ரசீது இறந்துபோன தகப்பனார் பெயரில் இருக்கிறது. ஆதாரில் பழைய ஊர் முகவரி. அண்ணன் ரத்த உறவா என்று எழுத்தர் கேட்கிறார். வட்டாட்சியரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்கி வாருங்கள் என்கிறார்கள். அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து தொடங்க வேண்டும். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி வருவாரா என்பது வேறு கேள்வி.

இந்தக் காட்சியில் சட்டத்தை மீறியவர் என்று யாரையும் எளிதில் சுட்டிக்காட்ட முடியாது. எழுத்தர் வழக்கத்தைப் பின்பற்றுகிறார். போலி ஆவணங்களோடு வருபவர்களும் உண்டு என்பதால் நடுவரும் எச்சரிக்கையாக இருக்கிறார். ஆனால் ஜாமீன் பெற்ற மனிதர் மேலும் மூன்று இரவுகள் உள்ளே கழிக்கிறார்.

சொத்து உள்ளவர்தான் ஜாமீன் நிற்க முடியும் என்று சட்டத்தில் இருக்கிறதா?

இல்லை. 485-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 441-ஆம் பிரிவைப் போலவே, "போதுமான" பிணையாளர் என்றுதான் சொல்கிறது. நிலம், வீடு, வட்டாட்சியர் சான்று என்ற சொற்கள் அதில் கிடையா. பிணையாளர் போதுமானவரா என்பதற்கு அவருடைய பிரமாண வாக்குமூலத்தையே ஆதாரமாக ஏற்கலாம், தேவைப்பட்டால் நீதிமன்றம் விசாரித்துக்கொள்ளலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. அடுத்த பிரிவான 486, இதற்கு முன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதைப் பிணையாளர் அறிவிக்க வேண்டும் என்கிறது. வாடகைக்கு ஜாமீன் நிற்பவர்களைத் தடுக்கச் சட்டம் வகுத்த வழி இந்த அறிவிப்புதான். நம் நீதிமன்றங்கள் கேட்டுப் பழகிய சொத்துப் பத்திரம் அதில் சேரவில்லை.

பிணையாளரே இல்லாமலும் விடுவிக்கலாம். 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய சட்டம், பிணையாளரோடு எழுதும் முறியையும், குற்றம் சாட்டப்பட்டவர் தாமே எழுதிக் கொடுக்கும் முறியையும் 2-ஆம் பிரிவிலேயே தனித்தனியாக வரையறுத்து, இரண்டில் எதன் பேரில் விடுவித்தாலும் அது ஜாமீன்தான் என்கிறது. தொகை மிகையாக இருக்கக் கூடாது, வழக்கின் சூழ்நிலையைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும் என்பது 484-ஆம் பிரிவு. அமர்வு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அதைக் குறைக்க உத்தரவிடலாம்.

இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் முதலில் எப்போது பேசியது?

1978 ஆகஸ்டில், மோதிராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற வழக்கில். மோதிராம் ஒரு கொத்தனார். அவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்து, தலைமைக் குற்றவியல் நடுவர் திருப்திப்படும் வகையில் பிணை அளிக்கச் சொன்னது. நடுவர் ரூ.10,000 என்று நிர்ணயித்தார். அன்றைய கொத்தனார் ஒருவருக்கு அது எட்டாத தொகை. அண்ணன் தம்பி முறையில் ஒருவர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி நடுவர் மறுத்துவிட்டார்.

மோதிராம் திரும்பவும் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், 1957-இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சட்டத்தையும் சிறைகளையும் கவனித்தவர். சிறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குக் கோப்பில் படித்த விஷயமல்ல. பிணையாளர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று கேட்பது இந்தியன் ஒருவனை இந்தியாவுக்குள்ளேயே அந்நியனாக்குவது என்ற பொருளில் அவர் கோபத்தோடு எழுதினார். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ ஆந்திரரோ பஸ்தரிலோ போர்ட் பிளேயரிலோ கைதானால், அங்கே சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்று கேட்டார். மோதிராமை ரூ.1,000-க்குச் சொந்தப் பிணைமுறியின் பேரில் விடுவிக்க உத்தரவானது. திருப்பூரிலும் சென்னையிலும் வேலைக்கு வந்து, ஏதோ ஒரு தகராறில் கைதாகும் பீகார், ஒடிசா தொழிலாளி இன்று அதே கேள்வியின் மறுபக்கத்தில் நிற்கிறார். அவருக்கு இந்த ஊரில் வீட்டு வரி ரசீதோடு வரக்கூடிய மாமனோ மச்சானோ கிடையாது.

ஹுசைனாரா காதூன் வழக்கு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

பீகார் சிறைகளில், தாங்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களைப் பற்றி நாளிதழ் ஒன்றில் வந்த கட்டுரைகளை வைத்து, வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி 1979-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு. நீதிபதி பி.என். பகவதி, விரைவான விசாரணை அரசமைப்பின் 21-ஆம் உறுப்பில் அடங்கிய உரிமை என்று சொன்னதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே தீர்ப்பில் ஜாமீனைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருவர் ஓடிவிடுவாரா என்பதை அவரிடம் உள்ள பணத்தை வைத்து முடிவு செய்யாமல், அந்த ஊரில் எவ்வளவு காலமாக இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், குடும்பம் எங்கே இருக்கிறது, முன்பு வாய்தாவுக்கு ஒழுங்காக வந்தாரா என்பவற்றைப் பார்க்க வேண்டும், ஊரில் வேர் உள்ளவரைச் சொந்த முறியில் விட வேண்டும் என்றார். ஊரில் வேர் உள்ளவர்களைப் பணம் கேட்காமல் விடுவிக்கப் பரிந்துரைத்த, 1961-இல் நியூயார்க்கில் தொடங்கிய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தின் அனுபவத்தையும் அவர் எடுத்துக் காட்டினார்.

தீர்ப்பு வந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு 75-க்கும் மேல். இவர்களில் பலருக்கு ஜாமீனே கிடைத்திருக்காது. அந்த எண்ணிக்கை முழுவதையும் பிணையாளர் இல்லாததன் கணக்கில் எழுதுவது தவறு.

ஜாமீனில் விடத்தக்க சிறு குற்றங்களுக்கும் இதே கதைதானா?

அவற்றுக்குச் சட்டம் தெளிவானது. கைதான நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பிணை கொடுக்க முடியாதவரை வசதியற்றவர் என்றே அனுமானித்து, பிணையாளர் இல்லாமல் சொந்த முறியில் விட வேண்டும் என்கிறது 478-ஆம் பிரிவு. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த விதி இது.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களுக்கென்று தனி உத்தரவு ஏதும் உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 26.11.2022 அன்று அரசமைப்பு நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சிறிய குற்றங்களுக்காகச் சிறையில் வாடும் ஏழைகளைப் பற்றி, எழுதி வந்த உரையை விட்டுவிட்டு நீதிபதிகளின் முன்னிலையில் பேசினார். உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே தானாக எடுத்து விசாரித்துவந்த ஜாமீன் கொள்கை வழக்கில், 31.1.2023 அன்று நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கௌல், அபய் எஸ். ஓகா அமர்வு ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது.

ஜாமீன் உத்தரவின் மின்நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு அனுப்ப வேண்டும். ஜாமீன் கிடைத்த தேதியைச் சிறைக் கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும். ஏழு நாளுக்குள் கைதி வெளியே போகாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் சட்டத் தன்னார்வலரையோ சிறைக்கு வரும் வழக்கறிஞரையோ அனுப்பி உதவ வேண்டும். கைதியின் குடும்ப, பொருளாதார நிலையைப் பற்றி அறிக்கை பெற்று, நிபந்தனையைத் தளர்த்தக் கோரி நீதிமன்றத்தில் வைக்கலாம். வெளியே வந்தால் பிணையாளரைத் திரட்ட முடியும் என்று கைதி கேட்டால், குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிக ஜாமீன் கொடுப்பதையும் பரிசீலிக்கலாம். ஒரு மாதத்துக்குள் பிணை அளிக்கப்படவில்லை என்றால், யாரும் மனுப்போடாமலே நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து நிபந்தனையை மாற்ற வேண்டுமா என்று பார்க்கலாம். உள்ளூர்ப் பிணையாளர்தான் வேண்டும் என்ற வற்புறுத்தல் விடுதலையைத் தாமதப்படுத்துவதால், அந்த நிபந்தனையை விதிக்கக் கூடாது.

கட்டளைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஏழாம் நாள் அறிவிப்பு, ஒரு மாதப் பரிசீலனை இரண்டுமே யாராவது நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் நடக்கும். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கிறார்கள் என்று நம்பி வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

ஒருவர் மீது பல வழக்குகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆள் என்றால் எங்கே போவது?

பதின்மூன்று வழக்குகளில் ஜாமீன் பெற்றும், அவ்வளவு பிணையாளர்களைத் தேட முடியாமல் சிறையில் இருந்த ஒருவரின் மனுவை 22.8.2024 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விசுவநாதன் அமர்வு தீர்த்தது. பொள்ளாச்சிக்காரரான நீதிபதி விசுவநாதன் எழுதிய அந்தத் தீர்ப்பு, பிணையாளராக வருபவர் பெரும்பாலும் நெருங்கிய உறவினரோ நெடுநாள் நண்பரோதான், குற்ற வழக்கு என்றதும் அந்த வட்டமும் சுருங்கிவிடும் என்ற நடைமுறை உண்மையை ஏற்றுக்கொண்டது. ஒரே பிணையாளர்கள் எல்லா வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று அனுமதித்தது. மிகையான ஜாமீன் ஜாமீனே அல்ல என்பது பழைய கோட்பாடு. அதையும் அங்கே எடுத்துச் சொன்னார்கள்.

ஆள் கிடைக்கவில்லை, பணமாகக் கட்டலாமா? அந்தப் பணத்துக்கு அரசு உதவி உண்டா?

பிணைமுறிக்குப் பதிலாக ரொக்கம் கட்ட 490-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஊரில் தெரிந்தவர் யாருமற்ற வெளிமாநிலத்தவருக்கு இது சில சமயம் எளிய வழி. ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2023-24 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. அதற்காக 2023-இல் வந்த வழிகாட்டுதல்களின்படி, ஜாமீன் தொகைக்காக விசாரணைக் கைதிக்கு ரூ.40,000 வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு ரூ.25,000 வரையிலும் மாவட்டக் குழு ஒன்று பரிந்துரைத்து நீதிமன்றத்தில் செலுத்தலாம். ஊழல் தடுப்புச் சட்டம், போதைப்பொருள் தடுப்புச் சட்டம், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் போன்றவற்றின் கீழ் வரும் வழக்குகள் இதில் சேரா.

ஏழையை விடுவிக்க அரசே பணம் கட்டி, அதே பணத்தை அரசுக் கணக்கில் வைத்துக்கொள்வதைவிட, அவரைச் சொந்த முறியில் விட்டுவிடுவது எளிதல்லவா என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகாததால் கிடைக்கும் ஜாமீனுக்கும் பணம் கட்டச் சொல்லலாமா?

காவல்துறையின் புலன்விசாரணை 60 நாளில், மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாளில் முடியாவிட்டால் 187-ஆம் பிரிவின்படி ஜாமீன் உரிமையாகிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், அப்படிப்பட்ட ஜாமீனுக்கு ரூ.8,00,000 கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் விதித்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் நீக்கியது. வேறு வழியும் ஒன்று இருக்கிறது. அதிகபட்சத் தண்டனையில் பாதியை, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கை, விசாரணைக் கைதியாகவே கழித்தவரை விடுவிப்பது குறித்து 479-ஆம் பிரிவு பேசுகிறது. மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய திருட்டு வழக்கில் அது ஓராண்டு. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. 1.7.2024-க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 23.8.2024 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிணையெல்லாம் கொடுத்தாயிற்று. உத்தரவு இன்னும் சிறைக்கு வரவில்லை என்கிறார்களே?

2021 ஜூலையில், உச்ச நீதிமன்றம் விடுவித்த கைதிகள் நாட்கணக்கில் ஆக்ரா சிறையிலேயே இருந்தபோது, இந்தக் காலத்திலும் புறாக்கள் உத்தரவைக் கொண்டுவரும் என்று காத்திருக்கிறோமா என்று தலைமை நீதிபதி என்.வி. ரமணா கேட்டார். அதன் விளைவாக, உத்தரவுகளை மின்வழியில் அனுப்பும் ஃபாஸ்டர் என்ற ஏற்பாடு 31.3.2022 அன்று தொடங்கியது. அதே 2021 அக்டோபரில், நடிகர் ஷாருக் கானின் மகனுக்கு மும்பை உயர் நீதிமன்றம் வியாழக்கிழமை ஜாமீன் கொடுத்தும், விடுதலை ஆணை வெள்ளி மாலை குறித்த நேரத்துக்குள் ஆர்தர் ரோடு சிறை வாசலில் உள்ள பெட்டிக்குள் விழாததால், சனிக்கிழமை காலைதான் வெளியே வந்தார். பின்னர் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே சேர்க்கப்படவில்லை. அவ்வளவு வழக்கறிஞர்கள் சுற்றி நின்றும் ஒரு தபால்பெட்டி ஓர் இரவை எடுத்துக்கொண்டது.

பிணையாளர் இல்லாமல் விட்டால் எல்லோரும் ஓடிவிட மாட்டார்களா?

நியாயமான கேள்வி. பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் நியாயமானது. சிலர் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் வீட்டு வரி ரசீது அவர்களைத் தடுத்திருக்குமா என்று பார்க்க வேண்டும். பணம் இருப்பவருக்கு வாடகைப் பிணையாளர் கிடைத்துவிடுகிறார். முன்பின் தெரியாத அவருக்கு, குற்றம் சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வருகிறாரா என்பதில் எந்த அக்கறையும் இல்லை. தவறாமல் வந்துபோகக்கூடிய கூலித் தொழிலாளி உள்ளே இருக்கிறார். இந்த வடிகட்டி பிடிக்க வேண்டியவரை விட்டு, விட வேண்டியவரைப் பிடிக்கிறது.

வேறு நாடுகள் வேறு வழியில் போயிருக்கின்றன. இங்கிலாந்தின் 1976-ஆம் ஆண்டு ஜாமீன் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவரிடம் பணமுறி வாங்குவதையே நிறுத்தி, ஆஜராகாமல் இருப்பதைத் தனிக் குற்றமாக்கியது. உனக்கு நஷ்டம் வந்தால் நான் தருகிறேன் என்று பிணையாளரோடு ஒப்பந்தம் செய்வதும் அங்கே குற்றம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 18.9.2023 முதல் ரொக்க ஜாமீனை முற்றிலும் ஒழித்துவிட்டது. ஈரோட்டைச் சேர்ந்த நீதிபதி எம்.எம். சுந்தரேஷ் எழுதிய 11.7.2022 தீர்ப்பில், நமக்கும் ஜாமீனுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு யோசனை சொன்னது. அந்தத் தனிச் சட்டம் வருவதற்குப் பதிலாக, பழைய பிரிவுகள் புதிய எண்களோடு 2024-இல் வந்தன.

தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். வேலைக்குப் போக முடியவில்லை. மாற்ற முடியுமா?

முடியும். நிபந்தனை விதித்த நீதிமன்றத்திலேயே தளர்வு மனுப் போடலாம். வேலை செய்யும் இடத்தின் கடிதம், இதுவரை தவறாமல் கையெழுத்திட்டதற்கான விவரம் இரண்டும் இருந்தால் வாரம் ஒரு முறை என்றோ, அழைக்கும்போது என்றோ மாற்றித் தருவது வழக்கம். ஜாமீனின் நோக்கத்தையே முறியடிக்கும் நிபந்தனை செல்லாது என்று, இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் எந்நேரமும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கிய 8.7.2024 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

வக்கீல் வைக்க வசதியில்லை. நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணில் பேசலாம். போகும்போது ஜாமீன் உத்தரவின் நகலையும், வழக்கு எண்ணையும், கைதி இருக்கும் சிறையின் பெயரையும் எடுத்துச் செல்லுங்கள். மனுவில் பிணையாளர் நிபந்தனையைத் தளர்த்திச் சொந்த முறியில் விட வேண்டும் என்றும், அதற்கு வழியில்லை என்றால் தொகையைக் குறைத்து ஒருவர் ஜாமீனே போதும் என்று மாற்ற வேண்டும் என்றும் கேட்கச் சொல்லுங்கள். வேலை, வாடகை வீட்டின் முகவரி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, எத்தனை ஆண்டாக இந்த ஊரில் இருக்கிறார் என்பவற்றை அதில் எழுத வேண்டும். உத்தரவின் தேதியை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்; ஏழு நாளும் ஒரு மாதமும் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.